கதவுக்கு ஒருவர், பாரிட்டுக்கு ஊர்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பொந்தியான் கெச்சிலிலிருந்து பெனுட் வழியாக பத்து பஹாட் போகும் கடலோரச் சாலையில் பெயர்ப்பலகைகளுக்குப் பஞ்சமில்லை. பாதிக்கு மேல் ‘பாரிட்’ என்றுதான் தொடங்கும். பாரிட் என்றால் வாய்க்கால். அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் ஆளின் பெயர் வரும். அதிலும் ஹாஜிகளின் பெயர்கள் அதிகம். காட்டுக்குள் முதலில் இறங்கி ஆட்களைத் திரட்டி வாய்க்கால் வெட்டியவரின் பெயர் வாய்க்காலுக்கு நின்று, பிறகு கம்பத்துக்கும், அதாவது ஊருக்கும், அதுவே நிலைத்துவிட்டது. இந்த ஹாஜி ஒருத்தரேவா இவ்வளவு நீளம் வெட்டினார் என்று பஸ்ஸில் போகும்போது அப்பாவிடம் கேட்டேன். “ஒருத்தரா? ஒரு கம்பத்துக்கே இடுப்பு போயிருக்கும்” என்றார்.

அப்பாவுக்கு அது தெரிந்த விஷயம். அவர் தாலி ஆயேர் ஆபீசில் வேலை பார்த்தவர். பாரிட் டான் தாலி ஆயேர் என்பது அந்த இலாகாவின் அன்றைய பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் 1932-இல் தொடங்கியது, பின்னாளில் ஜே.பி.எஸ். ஆயிற்று. பொந்தியானில் தமிழர் தொகை எப்போதும் சிறியதுதான். தோட்டத்தில் கொஞ்சம் பேர், பொதுப்பணி இலாகாவில் கொஞ்சம் பேர், தாலி ஆயேரில் எங்களைப் போல ஒரு சில குடும்பங்கள். மற்றபடி சுற்றிலும் ஜாவாக்காரர், பூகிஸ்காரர், மலாய்க்காரர். டவுனிலும் அன்னாசி வட்டாரத்திலும் சீனர்.

மேற்கு ஜொகூர்க் கரை முழுக்கச் சதுப்பு. கடலோரம் களிமண், உள்ளே போகப் போக ‘தானா கம்புட்’ என்கிற கறுப்பு மண். இலையும் வேரும் மரத்துண்டும் பாதி மக்கியபடி தண்ணீரில் ஊறிக் கிடக்கும். காலை வைத்தால் முழங்கால்வரை போகும். தண்ணீரை வடிக்காமல் ஒரு தென்னையைக்கூட நிறுத்த முடியாது. அதனால் கடலை நோக்கி ஒரு வாய்க்கால், அதன் இரு கரையிலும் வரிசையாகக் குடும்பங்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் பின்னால் நீண்டு போகும் ஒரு துண்டு நிலம் என்று ஊர் அமைந்தது. தெருவைப் பார்த்து வீடு கட்டுவது நம் வழக்கம். அங்கே பாரிட்டைப் பார்த்துக் கட்டினார்கள்.

தண்ணீரை வடிக்க வாய்க்கால் மட்டும் போதாது. மலாக்கா நீரிணையில் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை இறங்கும். ஏறும்போது உப்புத்தண்ணீர் வாய்க்கால் வழியாகவே நிலத்துக்குள் புகுந்துவிடும். அதற்காகக் கரையோரம் மண்ணணையும், பாரிட் கடலைத் தொடும் இடத்தில் தண்ணீர்க் கதவும் வைத்தார்கள். 1974-இல் உலக வங்கிக் கடனோடு மேற்கு ஜொகூர் விவசாயத் திட்டம் வந்தபின் அணைகளும் கதவுகளும் பெருகின. அப்படி ஒரு கதவு அப்பாவின் பொறுப்பில் இருந்தது.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. இரண்டு சிமெண்ட் தூண்களுக்கு நடுவே ஓர் இரும்புப் பலகை. அதை ஏற்றி இறக்க ஆள் உயரத்துக்குத் திருகுக்கம்பி. அதன் தலையில் பஸ் ஸ்டியரிங்கைவிடப் பெரிய சக்கரம். கம்பியின் மரைகளில் அப்பா கிரீஸ் அப்பி வைத்திருப்பார். உப்புக்காற்றில் இரண்டு நாள் விட்டாலும் சக்கரம் முரண்டு பிடிக்கும். கடல் இறங்கினால் கதவைத் தூக்க வேண்டும், ஏறத் தொடங்குமுன் இறக்க வேண்டும். இந்த நேரம் கடிகாரத்துக்குக் கட்டுப்படாது; தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். இந்த வாரம் காலைப் பசியாறும் நேரத்தில் வந்த வேலை, அடுத்த வாரம் நடுப்பகலில் வரும். அதன்பின் மழை கொட்டும் நடுராத்திரியில் வரும். அம்மா அலாரம் வைத்ததாக நினைவில்லை. அப்பா எழுந்து டார்ச்சைத் தேடும் சத்தத்தில்தான் எங்களுக்குப் பாதி ராத்திரிகள் விழிப்பு தட்டும். காய்ச்சலில் படுத்திருந்தாலும் பக்கத்துக் கதவுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் படுப்பார். “சொல்லியாச்சா?” என்று அம்மா இரண்டு முறை கேட்பாள்.

கதவு ஓர் ஆளின் வேலை. பாரிட் அப்படியில்லை. வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் புல்லும் மண்டினால் தண்ணீர் நகராது. மேல்பக்கத்துக்காரன் சுத்தம் செய்து கீழ்ப்பக்கத்துக்காரன் விட்டுவிட்டால் மேல்பக்கத்துக்காரனின் தென்னைதான் மூழ்கும். அதற்கு கெத்துவா பாரிட் என்று ஒருவர் இருப்பார். வாய்க்காலுக்குத் தலைவர். மழைக்காலம் வருமுன், ஊர் கூடிப் பாரிட்டைச் சுத்தம் செய்ய ஒரு வெள்ளிக்கிழமையைக் குறிப்பார். அன்றைய ஜொகூரில் வெள்ளி விடுமுறை. மதியத் தொழுகைக்கு முன் வேலை முடிந்தாக வேண்டும் என்பதால் இழுத்தடிக்கவும் வழியில்லை. இதுதான் கோத்தோங் ரோயோங்.

எங்களுக்கு அங்கே நிலம் இல்லை, இலாகா குவாட்டர்ஸ் வீடுதான். ஆனாலும் அப்பா என்னையும் தம்பியையும் அழைத்துப் போவார். விடிந்ததும் ஆட்கள் சங்கூல் மண்வெட்டியும் பாராங் கத்தியுமாக வந்துவிடுவார்கள். கெத்துவா ஒரு கம்பை வைத்து அளந்துகொண்டே போவார். அவரவர் நிலம் பாரிட்டைத் தொடும் நீளம் எவ்வளவோ, அவ்வளவும் அவரவர் பங்கு. இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் இறங்கி, கொடியை வேரோடு இழுத்துக் கரையில் வீசுவார்கள். எங்கள் வேலை அதை இன்னும் தள்ளி இழுத்துப் போடுவது. அட்டை கடித்த இடத்தில் புகையிலையை நசுக்கி வைக்கச் சொல்வார்கள். பத்து மணிக்குள் எல்லாருடைய பங்கும் கண்ணாடியாகிவிடும்.

முடியாமல் கிடப்பது ஓரிடம் மட்டும்தான். சிறு தொழுகைக்கூடமான சுராவுக்கு முன்னால் உள்ள பொது நீளம். அது யாருடைய நிலமும் இல்லை, எல்லாருடையதும். சொந்தப் பங்கில் காளை மாதிரி உழைத்த அதே ஆட்கள், அங்கே வந்ததும் ஒருவர் வெட்ட மூவர் ரோக்கோ பற்றவைத்துக்கொண்டு யோசனை சொல்வார்கள். பலர் கூடி அடித்த பாம்பு சாகாது என்று அப்பா தமிழில் முணுமுணுப்பார். மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்ததைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். 1913-இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்குக் கிடைத்தது தனியாக இழுக்கும் பலத்தில் ஏறத்தாழப் பாதி. சுராவ் முன்னால் நான் பார்த்ததுதான் அது. ஆனால் அதே காலையில், அதே ஆட்கள், அளந்து விட்ட இடத்தில் முழுப் பலத்தையும் போட்டதையும் பார்த்தேன். ரிங்கெல்மனின் கயிற்றில் யார் பங்கு எது என்று தெரியாது. கெத்துவாவின் கம்பு அதைச் சொல்லிவிட்டது.

வராதவரை என்ன செய்வார்கள்? முதல் தடவை கெத்துவா வீட்டுக்குப் போய் ஒரு காப்பி குடித்து, உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பார். அடுத்த தடவையும் வராவிட்டால் அவர் பங்கை மற்றவர்கள் வெட்டி, அள்ளிய கொடியை அவர் வீட்டு வாசல் வழியிலேயே குவித்துவிடுவார்கள். இரண்டு நாளில் அது நாற ஆரம்பிக்கும். யாரும் சத்தம் போட மாட்டார்கள். எலினோர் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வாங்கினாரே, அவருடைய 1990 நூல் முழுக்க இப்படிப்பட்ட ஊர்கள்தான்: எல்லை தெரிய வேண்டும், பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டும், தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். பொதுச்சொத்து என்றால் பாழாய்த்தான் போகும் என்று 1968-இல் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரைக்கு அது பதில். அளக்கப்படாத சுராவ் முகப்பைப் பொறுத்தவரை ஹார்டின் சொன்னதும் சரி. அளந்த மற்ற நீளத்துக்கு ஆஸ்ட்ரம்தான் சரி.

இந்தக் கதவையும் வாய்க்காலையும் பார்த்தால் தாத்தா சிரிப்பாராம். அவர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். அவர் ஊரில் தண்ணீரைத் தேக்கி வைக்கும் கண்மாய். வரத்துக்காலைத் தூர் அள்ளுவதும் கரையைக் கட்டுவதும் குடிமராமத்து, அதாவது ஊரே இறங்கும் வேலை. ஆனால் மடையைத் திறப்பதும் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதும் நீர்பாய்ச்சி ஒருவர் கையில். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். மடையில் கைவைக்க நிலக்காரருக்கே அனுமதியில்லை. பெரும்பாலும் அந்த ஆளுக்கென்று பெரிதாக நிலம் இராது. அதனால்தான் அவரை நம்பினார்கள் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். எங்கள் அப்பாவுக்கும் பாரிட்டில் ஒரு சாண் நிலம் கிடையாது. மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் அவரை ஒரே மாதிரி நம்பியதற்கு அதுவும் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

குடிமராமத்துக்கு ஆள் வரவில்லை என்று கும்பெனி சர்க்கார் 1858-இல் சென்னை மாகாணத்துக்கு ஒரு கட்டாய வேலைச் சட்டமே போட்டது. ஊருக்குள் யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்பது குலைந்தபிறகு சட்டத்தால் கூப்பிட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 2017-இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஏரி, கண்மாய்களைத் தூர்வாரும் திட்டம் தொடங்கியது. பெயர் திரும்ப வந்துவிடும். வாசலில் கொடியைக் குவிக்கும் ஊர் திரும்புமா என்பது வேறு கேள்வி.

ஊர் கூடிச் செய்யும் வேலை பெரிது, தனி ஆள் செய்வது சிறிது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. தனி ஆள்தான் சாதிப்பான், கூட்டம் சும்மா பேசும் என்கிற டவுன் காப்பிக்கடைப் பேச்சும் அப்படித்தான். தினமும் தவறாமல் ஒரு நேரத்தில் நடக்க வேண்டியது ஓர் ஆளின் பெயரில் இருக்க வேண்டும். கடல் யாருக்காகவும் கூட்டம் கூட்டிக் காத்திருக்காது. ஓரிடத்தில் விட்டால் எல்லா இடமும் கெடுகிற வேலையை ஓர் ஆளின் தலையில் வைக்கக்கூடாது. நான் பார்த்த சேதமெல்லாம் இதை மாற்றிச் செய்ததால் வந்தவை.

ஒரு கோயிலை எடுத்துக்கொள்கிறேன். எங்கே என்பது வேண்டாம். அங்கே பொருளாளர் மாமா ஒருவர். திருவிழாவுக்குப் பந்தல்காரருக்கு முன்பணம், பூக்காரருக்குச் சொல்வது, அன்னதானத்துக்கு அரிசி, உபயகாரர் பட்டியல், மின்கட்டணம் எல்லாம் அவர் தலைக்குள். தலைவருக்கு மாலை வாங்கிக்கொள்வது மட்டும்தான் வேலை. “மாமா இருக்கார்ல” என்பதுதான் அந்த நிர்வாகத்தின் ஒரே தீர்மானம். ஒரு வருஷம் திருவிழாவுக்குச் சில வாரம் இருக்கும்போது மாமா பக்கவாதத்தில் விழுந்தார். யாருக்கு எவ்வளவு கொடுத்தார், யார் இன்னும் தர வேண்டும், உண்டியல் சாவி எந்த டின்னில் இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. மாமாவால் பேசவும் முடியவில்லை. பந்தல்காரர் பணம் வரவில்லை என்று சத்தியம் செய்தார்; அத்தை கொடுத்துவிட்டார் என்று அழுதார்.

அதில் சூடுபட்டவர்கள் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நேர் எதிர்ப்பக்கம் ஓடினார்கள். எல்லாமே செயற்குழுவின் பொறுப்பு. எதற்கும் இரண்டு கையெழுத்து. விளக்குக்கு எண்ணெய் வாங்குவதும் ‘நிர்வாகத்தின் கூட்டுப் பொறுப்பு’ என்று குறிப்பேட்டில் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எண்ணெய் இல்லாமல் பூசாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா சமையல் எண்ணெய்ப் போத்தலையே கொடுத்தனுப்பினாள். பதினொரு பேர் செயற்குழுவில். பதினொரு பேரும் மற்ற பத்துப் பேரில் ஒருவர் வாங்கியிருப்பார் என்று இருந்துவிட்டார்கள்.

இதற்கு எதிரே நான் வைத்துப் பார்ப்பது அம்மாவோடு போன ரேவாங். ஜாவாக்காரர் கல்யாணத்துக்கு அக்கம்பக்கம் கூடிச் சமைப்பதற்கு அதுதான் பெயர். பொந்தியான் கம்பங்களில் நூற்றுக்கணக்கானவருக்கு அப்படித்தான் சோறாகும். அம்மா அவர்களோடு பாயில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். பார்க்க ஒரே இரைச்சல். ஆனால் சோற்று அண்டாவைக் கிளறுபவர் எந்தக் கல்யாணத்திலும் அவரேதான். சர்பத் கலக்குபவர் வேறு யாரையும் வாளியைத் தொடவிட மாட்டார். தட்டு கழுவும் இளவட்டங்களுக்கு ஒரு தலைவன் உண்டு. யாரும் யாரையும் கேட்பதில்லை. வருஷக்கணக்கில் படிந்துபோன பங்கு. கூட்டம் என்று நாம் வெளியிலிருந்து சொல்வது உள்ளே போனால் பெயர் தெரிந்த ஆட்களின் வரிசையாக இருக்கிறது. ஒரு பெரியவர் இறந்த பிறகு நடந்த முதல் கல்யாணத்தில் சோறு அடிப்பிடித்தது என்று அம்மா வந்து சொன்னாள். அதற்கடுத்த கல்யாணத்தில் அவர் மருமகன் கிளறினார். பல காலம் பக்கத்தில் நின்று விறகு தள்ளியவர் அவர்.

மலேசியத் தமிழர் கதையில் தனி ஆளும் கூட்டமும் சேர்ந்த வேலை பெரிய அளவில் நடந்ததும் உண்டு. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களைக் கைமாற்ற, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று சொன்னாலே அந்தத் தலைமுறைக்கு வயிறு கலங்கும். வேலையோடு வீடும் கோயிலும் பள்ளியும் போகும். ஜொகூர் அரச வழியில் வந்த பொருளியலறிஞர் உங்கு அஜிஸ் அதைப் பற்றிப் பெரிய ஆய்வே செய்தார். 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேருங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். பால்மரம் வெட்டுகிறவருக்கு 10 வெள்ளி என்பது சில நாள் கூலி. அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய், லயங்களுக்கு முன் நின்று கேட்டார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது.

குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த எங்கள் தாய்மாமாவும் பங்கு சேர்ந்தார். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்குக்கு நின்று, யாரோ ஒரு முதலாளியின் மரத்தை நாள் முழுக்க வெட்டிவிட்டு வந்து, “கெடாவுல நமக்கு ஒரு தோட்டம் கெடக்கு, போய்ப் பாக்கத்தான் நேரமில்ல” என்பார். பங்குச் சீட்டு டிரங்குப் பெட்டியில், பிறப்புப் பத்திரங்களோடு இருந்தது.

சம்பந்தன் ஒருவர் நடக்காவிட்டால் சங்கம் கிடையாது. வீட்டுக்கு வீடு அந்த 10 வெள்ளி வராவிட்டால் அவர் நடந்ததற்கும் பயன் கிடையாது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர் 1979 மே மாதம் காலமானார், சங்கம் நின்றுவிடவில்லை. டாக்டர் கே.ஆர். சோமசுந்தரம் போன்றவர்கள் தலைமையேற்றுப் பல பத்தாண்டுகள் நடத்தினார்கள். பொருளாளர் மாமாவின் டின்னுக்குள் போன சாவி இங்கே பதிவேட்டுக்குள் இருந்தது. தனி ஆள் போன மறுநாள் என்ன நடக்கிறது என்பதில்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அவர் இருக்கும்போது பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் ஓடும்.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு தம்பி ஒரு பாரிட் ஓரமாக வீடு வாங்கினான். நிலம் இப்போது இறங்கிக்கொண்டே போகிறது. கம்புட் மண்ணை வடித்தால் அது சுருங்கிக் காற்றில் கரையும். மேற்கு ஜொகூரில் அளந்தவர்கள், முதல் பத்தாண்டுகளின் வேகம் தணிந்த பிறகும் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் அளவில் இறங்குவதாகக் கணக்குச் சொல்கிறார்கள். செம்பனை மரங்கள் வேரைக் காட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கின்றன. சில வீடுகளின் கடைசிப் படிக்கட்டுக்குக் கீழே புதிதாக இன்னொரு படி கட்டியிருப்பார்கள். நிலம் இறங்க இறங்க, கதவைத் திறந்து தண்ணீர் வடிக்கக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை வெள்ளம் புரட்டிப் போட்டபோது, மேலே மழையும் கீழே ஏறிய கடலுமாக இதை எல்லாரும் உணர்ந்தார்கள்.

இப்போது கோத்தோங் ரோயோங்குக்குச் சங்கூல் கொண்டுவருவோர் இல்லை. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் ஜொகூர் பாருவிலும். மண்வாரி இயந்திரம் வந்து ஒரு காலையில் முடித்துவிட்டுப் போகிறது. போன மழைக்காலத்துக்கு முன் தம்பி வீட்டுப் பக்கம் பாரிட் அடைத்துக்கொண்டது. வாட்ஸ்அப் குழுவில் படம் மேல் படம். கோபமான முகம், கும்பிடும் கை, ‘யாராவது சொல்லுங்கப்பா’ என்று மலாயிலும் சீனத்திலும் தமிழிலும். யாரும் சொல்லவில்லை என்பது நான்காம் நாள் தெரிந்தது. தம்பி போனை எடுத்துப் பேசினான்.

மண்வாரி வந்தது. வந்த பிறகுதான் சண்டை. வாய்க்காலிலிருந்து அள்ளும் மண்ணை எந்தக் கரையில் போடுவது? நிலம் தாழ்ந்துபோன ஊரில் அந்த மண்ணுக்குப் பெரிய மதிப்பு. வாசலை ஒரு சாண் உயர்த்தலாம். இந்தக் கரைக்காரர் எங்களுக்கு என்றார், அந்தக் கரைக்காரர் போன தடவையும் உங்களுக்குத்தானே என்றார். இயந்திரக்காரர் தலையை நீட்டி, “கெத்துவா பாரிட் சியாப்பா?”, கெத்துவா யார், என்று கேட்டார். கிழவர் செத்துப்போய்ப் பல வருஷம். அவருக்குப் பிறகு யாரையும் வைக்கவில்லை. மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது, எஞ்சினை அணைக்கட்டுமா என்றார்.

தம்பி இறங்கி ஒரு கழியை எடுத்துக் கரையோரம் நடந்தான். இந்தத் தென்னை வரைக்கும் இந்தப் பக்கம், அதற்கப்பால் அந்தப் பக்கம், பாலத்துக்கு மேலே மறுபடி இந்தப் பக்கம் என்று கழியால் காட்டினான். இரண்டு கரைக்காரர்களும் அது நியாயமில்லை என்றார்கள். இயந்திரக்காரர் அதற்குள் வாளியை இறக்கிவிட்டார்.

பாலத்துக்கு மேலே உள்ள பாட்டிக்கு மட்டும் இன்னும் மனத்தாங்கல். தனக்கு வர வேண்டிய மண் கொஞ்சம் மறுகரைக்குப் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மற்றவர்கள் அதை மறந்துவிட்டு எல்லாவற்றுக்கும் தம்பியைக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். “நேத்து ராத்திரி பதினோரு மணிக்குப் போன் பண்ணி தெருவிளக்கு எரியலங்கிறாங்கண்ணே” என்று போனில் எரிச்சலாகச் சொன்னான். என்ன செய்தாய் என்று கேட்டேன். விளக்குக் கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறான்.